பன்னிரண்டுக்கு சைபர்: மன்ஸ்டர் ரக்பியும் நாங்கள் சந்தித்த மனிதர்களும்

லிமெரிக் நர்ஸ்:

அயர்லாந்துக்கு வந்த புதிதில் ரக்பி என்றால் சேற்றில் புரண்டு முட்டி மோதுவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேலை கிடைத்தது லிமெரிக்கில். மன்ஸ்டர் அணியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இந்த ஊரில் ஒரு நைட் டியூட்டியைக் கூட ஓட்ட முடியாது என்பது போகப் போகத்தான் புரிந்தது. உங்களுக்கும் அப்படி யாராவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2015 என்று நினைவு. வார்டில் எண்பதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு பி.பி. பார்க்கப் போனால் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள், "1978 தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கையில் சுற்றிய பட்டையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி இங்கே லிமெரிக்கில் உள்ள தோமண்ட் பார்க் மைதானத்தில் மன்ஸ்டரோடு மோதியது. மன்ஸ்டர் ஒரு நாட்டின் அணி கூடக் கிடையாது. அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் ஒன்று. கார்க், கெர்ரி, லிமெரிக், டிப்பரேரி, கிளேர், வாட்டர்ஃபோர்டு என்று ஆறு மாவட்டம். ரக்பி சங்கத்தின் இந்த மாகாணக் கிளை 1879-இல் அமைந்தது. ஆடியவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள். 1905-இல் இதே ஊருக்கு வந்த ஆல் பிளாக்ஸ் 33-0 என்று அடித்துவிட்டுப் போனது. 1973-இல் கார்க்கில் 3-3 என்று சமன் செய்ததையே மன்ஸ்டர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் டிரேயை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். டீ கப் மன்ஸ்டரின் ஷேமஸ் டெனிசன். தண்ணீர் டம்ளர் ஆல் பிளாக்ஸின் ஸ்டு வில்சன். டம்ளரை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்து, கப்பை அதன் மேல் இடித்து நிறுத்தினார். தண்ணீர் போர்வையெல்லாம் சிந்தியது. "டெனிசன் பெரிய ஆள் இல்லை. அந்த ஒரு இடியில்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது" என்றார். அப்புறம் ஜிம்மி போவன் உள்ளே புகுந்து ஓடியது, கிறிஸ்டி கான்டிலன் டிரை வைத்தது, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தது. அப்போது டிரைக்கு 4 புள்ளி. டிரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு டோனி வார்டு 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோல் இரண்டுக்கு 6. மொத்தம் 12. எதிரே சைபர். அந்தச் சுற்றுப்பயணத்தில் 18 ஆட்டம் ஆடிய ஆல் பிளாக்ஸ் தோற்றது இந்த ஒன்றில் மட்டும்தான்.

கேப்டன் டோனல் கனிஃபின் அப்பா கார்க்கில் ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்துபோனார். மகனுக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இதைச் சொல்லும்போது பெரியவர் குரல் இறங்கிவிட்டது. அன்று மைதானத்தில் இருந்தது சுமார் 12,000 பேர். இன்றைக்கு "நானும் அங்கே இருந்தேன்" என்பவர்களை எண்ணினால் லட்சத்தைத் தாண்டும் என்பார்கள் இங்கே. அவர் அன்று மதியம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனவர். நான் அவரை நம்புகிறேன். அந்த டிரேயைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்புவீர்கள்.

டப்ளின் பக்கம் ரக்பி என்றால் கட்டணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆட்டம். லிமெரிக்கில் துறைமுகத் தொழிலாளியும் டாக்டரும் ஒரே கிளப்பில் ஆடினார்கள். எனக்கு இந்த அணி பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

கேஸில்ட்ராய் மாணவன்:

அக்கா, என்னுடையது சின்ன அனுபவம். எம்.எஸ். படிக்க வந்த முதல் வருடம் நண்பனோடு தோமண்ட் பார்க் போனேன். எதிரணிக்குப் பெனால்டி உதை. நம்ம ஊர் கிரிக்கெட் மைதானத்துப் பழக்கத்தில் கத்த ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டில் சிவப்பு மப்ளர் கட்டிய ஓர் அம்மா. திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. என் முழங்கை மேல் கையை மட்டும் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், அத்தனை ஆயிரம் பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கொடிக்கம்பத்தில் கயிறு தட்டும் சத்தம் கேட்டது. பந்து காலை விட்டுப் போன பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. யார் உதைத்தாலும் இங்கே இப்படித்தானாம், எதிராளி என்ற பேதமே கிடையாது.

இடைவேளையில் பையிலிருந்து சாண்ட்விச் எடுத்து எனக்கும் பாதி கொடுத்துவிட்டு, 2003 ஜனவரியில் குளோஸ்டர் அணியோடு நடந்ததைச் சொன்னார். ஐரோப்பியக் கோப்பையில் அடுத்த சுற்றுக்குப் போக நான்கு டிரை வேண்டும், 27 புள்ளி வித்தியாசமும் வேண்டும். நடக்கிற காரியமா? கடைசி நிமிடத்தில் ஜான் கெல்லி நான்காவது டிரை வைத்தார், ரோனன் ஓ'காரா கன்வர்ஷனை உள்ளே அனுப்பினார். 33-6. விரல் விட்டு எண்ணிக் காட்டினார் அந்த அம்மா, சரியாக 27. ஐரோப்பியக் கோப்பையில் மன்ஸ்டரை இந்த மைதானத்தில் 2007 ஜனவரி வரை யாருமே ஜெயித்ததில்லை. அந்த மௌனத்துக்குள் நின்று உதைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன்.

அக்கா, அந்தப் பெரியவர் அப்புறம் என்ன ஆனார்?

கார்க்கில் ஒரு குடும்பம்:

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா ஹர்லிங் பைத்தியம். மட்டையும் பந்துமாக ஆடும் ஐரிஷ் ஆட்டம் அது. ரக்பி மைதானத்தில் காலே வைக்காத குடும்பம். காரணம் கேட்டபோதுதான் எனக்கு ஒரு வரலாறு தெரிந்தது. ஹர்லிங்கையும், கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் ஆட்டமான கேலிக் ஃபுட்பாலையும் நடத்தும் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், ரக்பி, கால்பந்து, கிரிக்கெட் போன்ற "அந்நிய ஆட்டம்" எதையும் ஆடக் கூடாது, பார்க்கக் கூட முடியாது. மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். 1971-இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். ஐயாவின் அப்பா கடைசி வரை போகவில்லை.

2022 நவம்பர் 10, கார்க்கின் ஹர்லிங் கோட்டையான பார்க் ஈ கீவில் மன்ஸ்டர் ஆடியது. அங்கே நடந்த முதல் ரக்பி ஆட்டம் அது. எதிரே தென்னாப்பிரிக்கா ஏ அணி. "என் மைதானத்துக்கு வருகிறார்கள், நான் போகாமல் இருந்தால் மரியாதை இல்லை" என்று ஐயா கிளம்பினார், எங்களையும் கூட்டிக்கொண்டு. 41,400 பேர். வியாழக்கிழமை ராத்திரி, குளிர் வேறு. ஆட்ட விதி அவருக்கும் சரியாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. என் பையன்தான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஸ்க்ரம் என்றால் என்ன என்று விளக்கினான். மன்ஸ்டர் 28-14 என்று ஜெயித்தது. அந்த சீசன் தொடக்கத்தில் தோல்வி மேல் தோல்வியாக வாங்கிக்கொண்டிருந்த அணி, அடுத்த மே மாதம் கேப் டவுனில் அந்த ஊர் ஸ்டோர்மர்ஸ் அணியை 19-14 என்று வென்று லீக் கோப்பையையே கொண்டுவந்தது. ஐயா அந்த இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டு டிவியில் பார்த்தார். தோசை சாப்பிட்டுக்கொண்டே.

லிமெரிக் நர்ஸ்:

தம்பி கேட்டதற்கு. அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு முறைதான் பார்த்தேன்.

2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் ஆட்டத்துக்காகப் போயிருந்த இடத்தில், அணி தங்கியிருந்த ஹோட்டலில் பயிற்சியாளர் ஆண்டனி ஃபோலி தூக்கத்திலேயே இறந்துவிட்டார். வயது 42. 2006-இல் மன்ஸ்டர் முதல் முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது கேப்டன் அவர்தான். அந்த வாரம் டியூட்டி முடிந்து தோமண்ட் பார்க் வழியாக வந்தேன். கேட் முழுக்கப் பூங்கொத்து, சிவப்பு மப்ளர்கள், மற்ற அணிகளின் ஜெர்சியும் கூட. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நம்ம பெரியவர் நின்றிருந்தார்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "பிரெண்டனின் பையன்" என்றார். அவ்வளவுதான். ஆண்டனியின் அப்பா பிரெண்டன் ஃபோலி 1978-இல் அந்தப் பதினைந்து பேரில் ஒருவர். பெரியவர் அப்பா ஆடியதையும் பார்த்திருக்கிறார், மகன் ஆடியதையும் பார்த்திருக்கிறார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமை டியூட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, ரேடியோவில் கேள்."

சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அணியோடு ஆட்டம். ஃபோலி போட்டு ஆடிய 8-ஆம் எண்ணை அன்று யாரும் போடவில்லை. அந்த இடத்தில் ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர் 24-ஐப் போட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கீத் எர்ல்ஸ் சிவப்பு அட்டை வாங்க, மீதி நேரம் முழுக்கப் பதினாலு பேர்தான். வார்டில் ரேடியோவை மெதுவாக வைத்திருந்தேன். மருந்து கொடுக்க ஒவ்வொரு கட்டிலாகப் போகும்போதும் மாத்திரையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேட்டது ஸ்கோரைத்தான். கடைசிக் கட்டிலுக்குப் போனபோது 38-17, மன்ஸ்டர் ஜெயித்திருந்தது.