200 குடும்பத்துக்குக் குழாய்த் தண்ணி: 63 பைப் காணுமோ?

நெடுங்கேணியான்:
எங்கட கிராமத்தில இப்ப 120 குடும்பம். காணி குடுக்கிறாங்கள், 200 ஆகும். 5 மீற்றர் விட்டத்தில ஒரு பொதுக் கிணறு, மாரியில கட்டுமட்டும் தண்ணி. தாங்கி 12 மீற்றர் உயரம், கடைசி வீடு 1 கிலோமீற்றர். பிரதான வழிக்கு 63 மில்லிமீற்றர் பைப் காணுமோ?

குளக்கட்டு:
பைப்பை விடுங்கோ, முதல்ல கிணறு. 200 வீடு, 4 பேர்படி, ஆளுக்கு 100 லீற்றர்: 80,000. கசிவையும் சேர்த்தா நாளுக்கு ஒரு லட்சம்.

புரட்டாதியில, மழைக்கு முதல், கிணத்தை இறைச்சிட்டு முடிச்சுப் போட்ட கயிறு விட்டு ஊற்றை அளவுங்கோ. மணித்தியாலத்துக்கு 10 சென்ரிமீற்றர் ஏறினா 1,960 லீற்றர். நாள் முழுக்க அப்பிடியே ஊறினாலும் 47,000தான், பாதியும் இல்லை. மட்டம் ஏற ஏற ஊற்றும் தளரும். பக்கத்துக் குளம் வத்தினா இன்னும் இறங்கும்.

சோக்கற்:
63 போட்டா கடைசி வீட்டில காத்துத்தான் வரும். ஒரு லட்சம் லீற்றர் எண்டா சராசரி செக்கனுக்கு 1.16. காலமைச் சமையல் நேரம் அதின்ர 2.5 மடங்கு, 2.9 லீற்றர். அவ்வளவும் கடைசிவரை ஓடினா 63 இல 1 கிலோமீற்றருக்கு 26 மீற்றர் உயரத் தண்ணியின்ர அழுத்தம் போயிடும். தாங்கியின்ர உயரமே 12! வழி நெடுக வீடுகள் எடுக்கிறதால இழப்பு மூண்டில ஒண்டு எண்டு பிடிச்சாலும் 9 மீற்றர். மிச்சம் 3, அது கூரைத் தாங்கிக்கு ஏறாது.

90 போடுங்கோ: முழுக் கணக்கிலயும் இழப்பு 5 மீற்றருக்குள்ளதான். 63ஐக் கிளை ஒழுங்கைகளுக்கு வையுங்கோ. தாங்கி 40,000 லீற்றர். கிணத்துக்குள்ள மிதவைச் சுவிச் கட்டாயம், இல்லாட்டி கோடையில மோட்டர் வறட்டில ஓடிச் சீல் எரியும்.

நெடுங்கேணியான்:
அப்ப குழாய்க் கிணறும் ஒண்டு அடிக்க வேணும். தண்ணி தெளிவா வந்தா குளோரின் மட்டும் போதுமோ?

ஆய்வுகூடம்:
தெளிவை நம்பாதேங்கோ. வவுனியாப் பக்கத்துப் பாறைத் தண்ணியில புளோரைட்டும் கடினமும் கூட வரலாம். எஸ்எல்எஸ் 614 எண்ட இலங்கைக் குடிதண்ணித் தரத்தின்படி லீற்றருக்குப் புளோரைட்டு கூடினது 1 மில்லிகிராம், கடினம் 250. குளோரின் கிருமிக்குத்தான். கொதிக்க வைச்சா புளோரைட்டு இன்னும் செறியும். 24 மணித்தியாலம் இறைச்சுப் பார்க்கேக்க, கடைசியில வாற தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுங்கோ. முதல் வாளியைக் குடுத்தா பிழையான முடிவுதான் வரும்.

புளோரைட்டு கூடியிருந்தா எல்லாத் தண்ணிக்கும் ஆர்ஓ (சவ்வால வடிகட்டிற மெசின்) வேண்டாம், காசு கரையும். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லீற்றர், 800 பேருக்கு 4,000. ஆர்ஓவின்ர கழிவுத் தண்ணியைக் கிணத்தடியில விடக்கூடாது.

குளோரின் தூள் 33 வீதமெண்டா 40,000 லீற்றருக்கு 180 கிராம். வாளியில கரைச்சு மண்டியை அடைய விட்டு, மேல் தெளிவை மட்டும் ஊத்துங்கோ; மண்டி, குளோரின் சொட்டுச் சொட்டா விழுற குழாயை அடைச்சிடும். கடைசி வீட்டுப் பைப்பில 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேணும்.

சோக்கற்:
வீட்டுக்கு வீடு மீற்றரும் போடுங்கோ. இல்லாட்டி ஆடியில அந்த ஒரு லட்சமும் கத்தரித் தோட்டத்துக்குத்தான்.