எச்டி டிவிடி பிளேயர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது: வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக் கடையில் போடுவதா?

பாலக்கோட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது தர்மபுரியிலேயே வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். சாமான்களோடு ஒரு எச்டி டிவிடி பிளேயரும் அட்டைப்பெட்டி நிறைய டிஸ்குகளும் வந்திருக்கின்றன. சாதா டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்ட, ப்ளூ-ரே என்ற டிஸ்குக்குப் போட்டியாக வந்த வகை இது. "இதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது, வேணும்னா நீ எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டார். 2007 நவம்பரில் அங்கே தள்ளுபடி விற்பனையில் வாங்கினாராம். இதுதான் ஜெயிக்கும், ப்ளூ-ரே நிற்காது என்று கடையில் இருந்தவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பொங்கல் முடிந்து ஒரு மாதம்தான், மொத்தக் கதையும் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அப்போது இதை வாங்கியவர்கள் எல்லோருக்குமே இந்தக் கதிதானா, பணமோ பொருளோ ஏதாவது திரும்பக் கிடைத்ததா? இந்த டிஸ்குகள் இப்போதைய ப்ளூ-ரே பிளேயரில் ஓடுமா? வைத்துக்கொண்டு பார்க்க முடியுமென்றால் வைத்துக்கொள்வேன், படங்கள் நல்ல படங்கள்.

ஓசூர் சர்வீஸ்:

முதல் வேலை, பிளேயரின் பின்பக்கம் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்க. அமெரிக்காவில் விற்றது என்றால் 120 வோல்ட்தான் இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும், அதற்கு இப்போது உதிரி தேடி அலைய முடியாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி அதன் வழியாகத்தான் போடணும்.

ப்ளூ-ரே பிளேயரில் இது ஓடாது. இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்தான், டிஸ்கின் அளவும் ஒன்றுதான், அதனால்தான் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எச்டி டிவிடியில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, சாதா டிவிடி மாதிரியே. ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டரிலேயே இருக்கிறது, லென்ஸும் வேறு. ஒரு அடுக்குக்கு எச்டி டிவிடி 15 ஜிபி, ப்ளூ-ரே 25 ஜிபி. பழைய டிவிடி தொழிற்சாலையை அதிகம் மாற்றாமலே டிஸ்க் அடிக்கலாம், செலவு குறைவு என்பதுதான் எச்டி டிவிடியைக் கொண்டுவந்த தோஷிபா பக்கத்து வாதம், அது நியாயமான வாதமும்கூட. இரண்டையும் படிக்கிற பிளேயர்களை எல்ஜியும் சாம்சங்கும் கொஞ்ச காலம் விற்றார்கள், கம்ப்யூட்டருக்கும் எல்ஜியின் டிரைவ் ஒன்று இருந்தது. இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் மாமரம்:

அந்தச் சமயத்தில் நானும் அங்கேதான் இருந்தேன், அதனால் உங்கள் அண்ணனின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் படக் கம்பெனி இனி எச்டி டிவிடி மட்டும்தான் என்று அறிவித்தது, யுனிவர்சல் ஏற்கெனவே அந்தப் பக்கம், பிளேயர் விலையும் நூறு டாலருக்குக் கீழே வந்தது. அதையெல்லாம் பார்த்து வாங்கியவரை அவசரப்பட்டவர் என்று சொல்ல முடியாது. வார்னர் என்ற இன்னொரு படக் கம்பெனி இரண்டு பக்கமும் படம் விட்டுக்கொண்டிருந்தது, 2008 ஜனவரி 4 அன்று இனி ப்ளூ-ரே மட்டும் என்று சொல்லிவிட்டது, எல்லாம் அங்கேதான் உடைந்தது. அடுத்த மாதம் அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் கடைகள் என்று ஒவ்வொருவராக விலக, பிப்ரவரி 19 அன்று தோஷிபா நிறுத்திவிட்டது. ஒன்றரை மாதத்துக்குள் இவ்வளவும்.

எல்லோரும் கோபப்பட்டார்களா என்றால் இல்லை. தோஷிபா கைவிடக் கூடாது என்று இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், அவர்கள் உண்மையாகவே அந்த ஃபார்மட்டை நேசித்தவர்கள். ரீஜன் பூட்டு கிடையாது, எந்த நாட்டு டிஸ்கையும் போடலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என்று உலகத்தைப் பங்கு போட்டிருந்தார்கள். இன்னொரு கூட்டம் டிஸ்குகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் வரை காத்திருந்து, கை நிறைய அள்ளிக்கொண்டு போனது. பிளேயர் ஓடும் வரை படம் ஓடும், ஃபார்மட் செத்தால் என்ன என்பது அவர்கள் கணக்கு, அதுவும் சரியான கணக்குத்தான். இவர்கள் தவிர, இரண்டையும் தொடாமல் பழைய டிவிடியிலேயே இருந்தவர்கள்தான் அதிகம்.

திரும்பக் கிடைத்தது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெஸ்ட் பை தன்னிடம் பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. 2009இல் வார்னர் ஒரு திட்டம் வைத்திருந்தது, தன் எச்டி டிவிடியின் அட்டைப்படத்தை அனுப்பி ஒரு டிஸ்குக்கு 4.95 டாலரும் தபால் செலவும் கட்டினால் அதே படத்தை ப்ளூ-ரேயில் அனுப்பும். இது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இரண்டு கம்பெனிக் கூட்டணிகள் பேசி ஒரே தரத்துக்கு வராமல் சண்டை போட்டதற்கான செலவில் பெரும்பங்கு, முதலில் நம்பி வாங்கியவன் தலையில்தான் விழுந்தது.

நெடுஞ்சாலை வீடியோ:

நான் கிருஷ்ணகிரியில் கேசட் காலத்திலிருந்து வாடகைக் கடை நடத்தினவன். இந்த எச்டி சண்டை நம் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. 2007இல் மோசர் பேயர் என்ற டிஸ்க் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தபோது எங்கள் பிழைப்பே ஆடிப்போனது, வாடகைக்கு எடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் சொந்தமாகவே வாங்கலாம் என்று ஆகிவிட்டது. இங்கே பேச்செல்லாம் அதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க தம்பி. விசிடியும் ஒழிந்துதான் போனது, அதற்காக எங்கள் கடைக்கு வந்து யாரும் சண்டை போடவில்லை. காரணம், டிவிடி பிளேயர் விசிடியையும் படித்தது. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க் மாற்றிப் பார்த்த குடும்பம் புது பிளேயர் வாங்கிய பிறகும் பழைய விசிடியை அதிலேயே போட்டுப் பார்த்தது, வாங்கியவனுக்கு நஷ்டம் இல்லை. விஎச்எஸ் கேசட்டில் அப்படி இல்லை. கல்யாணக் கேசட்டைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் டெக் பழுதானதும் தவித்துப்போய்க் கடைக்கு வந்தார்கள், பூஞ்சை பிடித்த கேசட்டைத் துடைத்து டிவிடியில் ஏற்றிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. சினிமாவை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் அண்ணன் பெட்டியில் வீட்டு விசேஷம் எடுத்த கேசட்டோ டிஸ்கோ கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்க.

பாலக்கோட்டான்:

ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன பிறகு பெட்டியை முழுசாகக் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன வீடியோ கேமரா கேசட் இருந்தது, அண்ணன் பெண்ணின் முதல் பிறந்தநாள் என்று அண்ணியின் கையெழுத்து. அவர்களே மறந்துபோயிருந்தார்கள். பிளேயரில் 120 வோல்ட் என்றுதான் இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் வாங்கும் வரை தொடப்போவதில்லை. சில டிஸ்குகளின் இரண்டு பக்கமும் பளபளப்பாக இருக்கின்றன, அது என்ன?

ஓசூர் சர்வீஸ்:

அது காம்போ டிஸ்க். ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதா டிவிடி. எச்டிக்கு ரீஜன் இல்லை என்றாலும் டிவிடி பக்கத்துக்கு ரீஜன் 1 (அமெரிக்கா, கனடா) பூட்டு இருக்கலாம், ஆனால் ரீஜன் பார்க்காத பிளேயர் நம் ஊரில் நிறைய வீட்டில் இருக்கும், அதில் போட்டுப் பாருங்க.

டிரான்ஸ்பார்மர் வந்ததும் எல்லா டிஸ்கையும் ஒருமுறை முழுசாக ஓடவிடுங்க. எச்டி டிவிடியில் காலம் போகப்போக உள் அடுக்கு கெட்டு, படம் நடுவில் உறைந்து நின்றுவிடுகிற பிரச்சினை பரவலாகப் பேசப்படுகிறது, கீறலே இல்லாத டிஸ்கிலும் வருகிறது. ஓடுகிறதைத் தனியாக எடுத்து வைத்து முதலில் அதைப் பார்த்து முடியுங்க. டிவிடியைப் பெரிய டிவிக்கு ஏற்ற மாதிரி உயர்த்திக் காட்டுவதிலும் இந்த பிளேயர்களுக்கு நல்ல பெயர், எச்டிஎம்ஐ வயர் போட்டு, அட்டையில் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை), ஆல் ரீஜன் என்று அச்சடித்த தமிழ் டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்க.

அந்தக் கேமரா கேசட்டை மட்டும் தள்ளிப்போடாதீங்க. அதே வகை கேமரா கிடைத்தால்தான் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியும். அண்ணனிடம் அந்தப் பழைய கேமரா இன்னும் இருக்கிறதா என்று கேளுங்க, இருந்தால் எடுத்துக்கொண்டு ஓசூர் வாங்க, மாற்றித் தருகிறேன்.