நானோ துகள் போட்ட திரவப் படிகம்: எங்கே சறுக்குகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து

திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை ஒழுங்கில் நிற்கும் பொருள்தான் திரவப் படிகம். அது இயங்கத் தேவையான வோல்ட்டேஜைக் குறைக்க நானோ துகள் கலக்கிறோம். 5சிபி என்ற திரவப் படிகத்தை வைத்து வேலை பார்ப்பவர்கள் சித்திரை, வைகாசியில் முதலில் பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரைத்தான். அதன் நெமாட்டிக் நிலை (அந்தத் திசை ஒழுங்கு இருக்கும் நிலை) சுமார் 35 டிகிரியில் முடிந்துவிடும். நம்ம ஊர் மதியத்தில் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடுகிறது. அப்போது செல்லுக்குள் (திரவப் படிகம் நிரப்பும் இரண்டு கண்ணாடித் தகடுகளின் இடைவெளி) இருப்பது வெறும் சாதாரணத் திரவம். எந்தத் துகளைப் போட்டாலும் பலன் தெரியாது. இ7 என்ற திரவப் படிகக் கலவை என்றால் 58 டிகிரி வரை தாங்கும்.

அடுத்தது எடை. 500 மில்லிகிராம் இ7-க்கு 0.2 சதவீதம் என்றால் 1 மில்லிகிராம் துகள். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அதை நேரடியாக எடுத்தால் பத்து சதவீதம் வரை பிழை வரும். 10 மில்லிகிராம் துகளை 10 மில்லி டொலுயீனில் கலக்கி வைத்துக்கொண்டு, அதில் 1 மில்லி எடுப்பதுதான் சரி. எடுப்பதற்கு முன் அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் சூடேறும், ஐஸ் கட்டி போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள்.

டொலுயீனை 60-70 டிகிரியில் வெற்றிடத்தில் போக்கி, எடை குறைவது நின்ற பிறகே செல்லில் ஏற்ற வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் நெமாட்டிக் நிலை முடியும் வெப்பநிலை கீழே இறங்கிவிடும்.

அபிஷேகப்பட்டியிலிருந்து

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன அந்த வெப்பநிலை இறக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துகளாகப் போடும் பேரியம் டைட்டனேட்டை ஓலிக் அமிலம் சேர்த்து, உருண்டைகள் உருட்டி அரைக்கும் பால் மில்லில் (ball mill) அரைப்பது வழக்கம். துகளில் ஒட்டாமல் மிஞ்சிய ஓலிக் அமிலம் திரவப் படிகத்தில் கரைந்து ஒழுங்கைக் குலைக்கிறது. ஒழுங்கு குறைந்தால் மீள்திறன் மாறிலி (மூலக்கூறுகள் திரும்புவதை எதிர்க்கும் அளவு) வேகமாக விழும், மின்காப்பு மாறுபாடு (மின்புலம் அவற்றைத் திருப்பும் அளவு) அதைவிட மெதுவாக விழும். ஆகவே தொடக்க வோல்ட்டேஜ் (மூலக்கூறுகள் திரும்பத் தொடங்கும் வோல்ட்டேஜ்) தானாகவே குறையும். துகள் ஒன்றும் செய்யாமலேயே "முன்னேற்றம்" வந்துவிடுகிறது!

இதற்கு மூன்று செல் வேண்டும்: வெறும் இ7, இ7-உடன் அதே அளவு ஓலிக் அமிலம், பிறகு துகள் கலந்தது. மூன்றையும் ஒரே வெப்பநிலையில் ஒப்பிடாமல், ஒவ்வொன்றின் நெமாட்டிக் நிலை முடியும் வெப்பநிலையிலிருந்தும் ஒரே தூரத்தில், 20 டிகிரி கீழே என்று வைத்து, ஒப்பிடுங்கள். ஹாட் ஸ்டேஜ் (வெப்பநிலையை நிலையாக வைக்கும் மேடை) இல்லாமல் இது நடக்காது.

காலிச் செல்லின் கெப்பாசிட்டன்ஸை (மின்தேக்குத் திறனை) நிரப்பும் முன்பே அளந்து வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனை, 5 மைக்ரான் இடைவெளி என்றால் சுமார் 177 பிகோஃபாரட் வரும். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்துச் செல் ஒட்டினால் தூசி இடையில் மாட்டி இடைவெளி கூடும். கண்ணாடியில் வண்ண வளையங்கள் தெரிந்தால் அந்தச் செல்லை ஒதுக்கிவிடுங்கள்.

வள்ளியூரிலிருந்து

கடற்கரை மணல் இல்மனைட்டிலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: பெயிண்ட் தரம் வேண்டாம். அதன் துகள் 200-300 நானோமீட்டர். ஒளியைச் சிதறடிக்கவே அந்த அளவில் செய்கிறார்கள். 5 மைக்ரான் செல்லில் அது வெறும் அழுக்கு.

நல்ல துகளையும் நம்பிவிட வேண்டாம். செல்லை நிரப்பும் வாய்ப்பக்கத்தை, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு இடையில், மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும் அடுக்கமைப்பில் பாருங்கள். கருப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் வாயருகே அடர்ந்தும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருந்தால், கட்டிகள் நுழையும் இடத்திலேயே தங்கிவிட்டன என்று அர்த்தம். செல்லுக்குள் இருப்பது நீங்கள் எழுதி வைத்த 0.2 சதவீதம் அல்ல. முடிவு வெப்பநிலைக்கு மேலே வைத்து, மெதுவாக நிரப்பினால் ஓரளவு குறையும்.

தென்காசியிலிருந்து

திரவப் படிகத் துளிகள் உள்ளே பொதிந்த பாலிமர் படலம் செய்பவர்களுக்கு வேறு தொல்லை. என்ஓஏ65 பசையும் இ7-உம் சம எடையில் கலந்து 365 நானோமீட்டர் புற ஊதாவில் கெட்டியாக்குகிறோம். பசையின் ஒளிவிலகல் எண் 1.524, இ7-இன் சாதாரணக் கதிருக்கான (ordinary ray) ஒளிவிலகல் எண் சுமார் 1.52, இந்தப் பொருத்தத்தால்தான் வோல்ட்டேஜ் கொடுத்ததும் படலம் தெளிகிறது.

இதில் டைட்டானியம் டை ஆக்சைடு போட்டால், அதன் அனடேஸ் படிக வடிவம் 388 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உறிஞ்சும். கெட்டியாக்க வேண்டிய ஒளியையே அது தின்றுவிடுகிறது. இறுகுவது தாமதமாகி, திரவப் படிகத் துளிகள் பெரிதாகின்றன. பெரிய துளிக்கு வோல்ட்டேஜ் குறைவாகவே வேண்டும். அந்தப் பலனைத் துகளின் கணக்கில் எழுதுவது தவறு. பேரியம் டைட்டனேட்டும் இதே பக்கத்தில்தான் உறிஞ்சும். சிலிக்கா உறிஞ்சாது, ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.46 என்பதால் கட்டி சேர்ந்தால் மங்கல் கூடும்.

விளக்கு நேரத்தைக் கூட்டி, திரவப் படிகத்தை ஹெக்ஸேனில் கழுவி எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துளி அளவு துகள் போட்டது, போடாதது என்ற இரண்டு படலத்திலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் மட்டும் வோல்ட்டேஜை ஒப்பிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துகள் பொடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கலக்கும் முன் 120 டிகிரியில் வெற்றிடத்தில் இரவு முழுக்க உலர்த்துங்கள். இல்லையென்றால் அயனி ஓட்டம் கூடி, தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்காப்பு எண் பொய்யாக ஏறும். வோல்ட்டேஜ் கொடுப்பது 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் இருக்கட்டும்; டிசி கொடுத்தால் மின்முனை ஓரம் படலம் கெட்டுவிடும்.