ரெஸ்க்யூ ஸ்விம்மர்: 'மீட்பு நீந்துநர்' பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பயிற்சிப் பள்ளியைக் களமாகக் கொண்டு 2006-இல் வெளிவந்த 'தி கார்டியன்' திரைப்படத்துக்குத் தமிழ் வசன வரிகள் எழுதும் நண்பர், அதில் அடிக்கடி வரும் 'ரெஸ்க்யூ ஸ்விம்மர்' (ஹெலிகாப்டரிலிருந்து கடலில் இறங்கித் தத்தளிப்பவர்களைக் காப்பவர்) என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். 'மீட்பு நீச்சல் வீரர்', 'உயிர்காப்பாளர்', 'மீட்பர்', 'சுழியோடி' என நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், இப்பணி எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

1983 பிப்ரவரி 12 அன்று வர்ஜீனியா கரைக்கு அப்பால் 'மரீன் எலெக்ட்ரிக்' என்னும் நிலக்கரிக் கப்பல் கவிழ்ந்தபோது, அதிலிருந்த 34 பேரில் 31 பேர் இறந்தனர். கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்து சேர்ந்தது, ஆட்களை மேலே தூக்கும் கூடையும் இறங்கியது. ஆனால் உறைகுளிர் நீரில் கைகால் விறைத்துப்போனவர்களால், எட்டும் தொலைவில் மிதந்த அக்கூடைக்குள் ஏற இயலவில்லை. அவர்களைத் தூக்கி ஏற்ற நீரில் குதிக்கக்கூடிய ஆள் அந்த ஹெலிகாப்டரில் இல்லை. பின்னர் வந்த கடற்படை ஹெலிகாப்டரிலிருந்த ஒருவரே இறங்கினார். அடுத்த ஆண்டு, இதற்கெனத் தனிப் பணியாளர்களை உருவாக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் கடலோரக் காவல்படையைப் பணித்தது. ஆகவே மீட்பு என்பது முன்பே இருந்தது. புதிதாக வந்தது நீரில் இறங்கி நீந்தும் மனிதர்தான். நாம் ஆக்கும் சொல்லிலும் நீந்துதலே தலைமைக் கூறாக இருக்க வேண்டும்.

இவ்வகையில் 'மீட்பர்' நிற்காது. கிறித்தவ வழக்கில் அச்சொல் இயேசுவுக்கே உரியதாகிவிட்டதால், பயிற்சி மாணவர்கள் இருபது பேரை 'மீட்பர்கள்' என்று திரையில் எழுதினால் அரங்கில் சிரிப்புத்தான் எழும். 'உயிர்காப்பாளர்' கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் காவலிருப்பவரைக் குறிக்கட்டும். 'சுழியோடி' எனக்கு மிகவும் பிடித்த சொல். இலங்கை நாளிதழ்களில் இன்றும் உயிரோடு வழங்குகிறது. ஆயினும் அது ஆழத்தில் மூழ்குபவரைக் குறிப்பது. இவரோ காற்றுக்கலன் இன்றி, துடுப்புக் காலணியும் முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து, அலைகளின் மேற்பரப்பிலேயே பணிபுரிபவர்.

எஞ்சுவது 'மீட்பு நீச்சல் வீரர்'. பொருளில் பெரிய குறையில்லை; ஆனால் 'நீச்சல் வீரர்' என்றதும் போட்டியில் பதக்கம் வெல்பவர்தான் நினைவுக்கு வருகிறார். பெண் மாணவர் திரையில் தோன்றும்போது 'வீராங்கனை' என்று மாற்ற வேண்டிய தொல்லையும் உண்டு. இவற்றைவிட முக்கியமான இடர், ஹெலிகாப்டர் பணியாளர்கள் தமக்குள் பேசும்போது முழுப் பெயரைச் சொல்வதில்லை என்பது. ஆளை இறக்கி ஏற்றும் வடத்தை இயக்குபவர் விமானியிடம் 'ஸ்விம்மர்' என்று மட்டும் சொல்லி, அவர் இறங்கிவிட்டார், நீரைத் தொட்டுவிட்டார் என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே வருவார். ஆகவே சொற்றொடரின் பின்பாதி தனித்து நின்றும் பொருள் தர வேண்டும். 'வீரர்' தனித்து நின்றால் படைவீரர் ஆகிவிடுவார்.

எனவே 'மீட்பு நீந்துநர்' என்பதை முன்வைக்கிறேன். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் ஆகியவற்றின் வரிசையில் இயல்பாக அமைவது; இருபாலுக்கும் பொதுவானது; 'நீந்துநர் இறங்கிவிட்டார்' என்று சுருக்கினாலும் சிதையாதது. 'நீந்துநர்' செவிக்குப் புதிது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். படத்தின் முதல் கால்மணி நேரத்துக்குள் பத்து முறையாவது படித்துவிட்டால் அப்புதுமை தேய்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

இவர்களின் அலுவல்முறைப் பதவிப் பெயரான 'ஏவியேஷன் சர்வைவல் டெக்னீஷியன்' என்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மிதவை அங்கி, உயிர்காப்புத் தெப்பம் போன்ற கருவிகளைப் பழுதின்றிப் பேணுவதும் இவர்கள் கடமையே என்பதால், அதற்கு 'வான்பணி உயிர்காப்புத் தொழில்நுட்பர்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். சான்றிதழோ பெயர்ப்பலகையோ திரையில் தெரியும் இடங்களுக்கு மட்டும் அது போதும்.

இன்னும் ஒரு சொல் தீராமல் இருக்கிறது. வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் உள்ள பயிற்சிக் குளத்தில், பீதியடைந்து மீட்பவரின் கழுத்தையே இறுகக் கட்டிக்கொள்பவராகப் பயிற்றுநர் நடிப்பார். மாணவர் அப்பிடியிலிருந்து விடுபட்டு, அவரையே பற்றி இழுத்து வர வேண்டும். இந்த விடுபடும் உத்திக்குப் 'பிடிவிடுப்பு' என்று எழுதியிருக்கிறேன். மற்போர், சிலம்பம் போன்றவற்றில் பழகியவர்கள் தம் களத்தில் வழங்கும் சொல் இருந்தால் தெரிவியுங்கள். அது கிடைத்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.