டிசார்த்ரியா: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. 'டிசார்த்ரியா'வில் நிற்கிறேன். நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சு இவற்றின் தசைகளை மூளை சரிவர இயக்க முடியாததால் வரும் பேச்சுச் சிக்கல் அது. 'பேச்சுக் குழறல்' சரியா?
— மு.

சரியில்லை. குழறல் என்றாலே போதையும் தூக்கக் கலக்கமும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் ஆர்த்ரான் என்பது மூட்டு; ஒலிகளை மூட்டுவதில் வரும் கேடே டிசார்த்ரியா. நமக்கோ தொல்காப்பியப் பிறப்பியலே இருக்கிறது. உந்தியில் எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடம் பொருந்தி எழுத்தாகப் பிறக்கிறது. ஆகவே 'பிறப்பிடர்'. அப்புறம், 'வாதம்' வடசொல். வள்ளுவரே 'வளி' என்கிறார். 'பெருமூளை வளி' என்று திருத்துங்கள்.
— க.

ஐயா, 'பெருமூளை வளி' என்றால் மூளைக்குள் காற்று புகுந்ததாக நினைப்பார்கள். 'பிறப்பிடர்' அதைவிட மோசம். பிரசவத்தில் என்ன தவறு நடந்ததோ என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கும் தாய் அதை எப்படிப் படிப்பார்? நான் பேச்சுப் பயிற்சி தருபவள். 'பந்து எங்கே?' என்றால் குழந்தையின் கண் நேராகப் பந்துக்குப் போகும். வாய் திறந்தால் 'அந்து' என்று வரும், இதழ் மூடாததால். மெல்லண்ணம் மூக்கு வழியை அடைக்காவிட்டால் 'பால்' கிட்டத்தட்ட 'மால்' ஆகிவிடும். சில குழந்தைகளுக்கு வாக்கியம் முடியுமுன் மூச்சு தீர்ந்துவிடும். கேட்பவர்களோ 'புரியாத பிள்ளை' என்று முடிவுகட்டுகிறார்கள். 'பேச்சுத்தசை இயக்கக் குறைபாடு' என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் அறிவின்மேல் பழி விழாது.
— ந.

தசையில் குறையில்லையே அம்மா, அதை ஆளும் மூளைப் பகுதியில்தானே? அதோடு, தசையில் தளர்வு இல்லாமலே பேச்சைத் திட்டமிடுவதில் இடறும் அப்ராக்சியாவையும் இதற்குள் தள்ளிவிடுவார்கள். 'ஒலிப்பிடர்' போதும்.
— த.

'ஒலிப்பிடர்' நல்ல சொல்தான். ஆனால் மூச்சும் குரலும் அதில் விட்டுப்போகின்றன. ஒலிப்பு மட்டும் கெடுவதற்கும் ஒரு சொல் வேண்டுமே. எனக்கு ந. அம்மா சொன்னதே.
— வெ.

சரி, 'பேச்சுத்தசை இயக்கக் குறைபாடு' என்றே அனுப்புகிறேன். பக்கத்தில் அடைப்புக்குள் டிசார்த்ரியா இருக்கும். மருத்துவர் எழுதித் தரும் அறிக்கையில் பெற்றோர் பார்ப்பது அதைத்தான். அனைவருக்கும் நன்றி.
— மு.

கையேட்டுக்குப் போகட்டும். அகராதிக்கு நான் ஒப்பமாட்டேன். பேச்சொலியே எழாத அனார்த்ரியாவுக்கு இதிலிருந்து எப்படிச் சொல் ஆக்குவீர்கள்?
— க.