ட்ரைலோபைட், என்ன வகைன்னு சொல்லுங்க (அவசரம்)

தருமபுரி_கல்
கலெக்‌ஷன்ல இருக்கற ட்ரைலோபைட் (அழிஞ்சுபோன பழங்காலக் கடல் உயிர், இப்ப கல்லாயிட்ட படிமம்). லேபிள் தொலைஞ்சுபோச்சு. ஞாயிறு கண்காட்சிக்குப் பேர் எழுதணும். போட்டோ கீழ இருக்கு.

பாலக்கோடு_பாறை
நீளம் எத்தனை மி.மீ.? எந்த நாட்டுக் கல்? அடிப்பக்கம் எப்படி இருக்கு? ஃபிளாஷ் அடிச்சதுல எல்லாம் சப்பையாத் தெரியுது. ஃபிளாஷை அணைச்சுட்டு, இடது மேல்பக்கமா சாய்ச்சு ஒரே ஒரு லைட் வைங்க. பக்கத்துல ஸ்கேல் வேணும். ஒத்த ரூபாக் காசு வேண்டாம், அளவு மாறும்: பழசு 25 மி.மீ., 2011ல வந்தது 22கூட இல்ல.

ஓசூர்_லென்ஸ்
எல்ரேதியா கிங்கிங்கற ட்ரைலோபைட் இனம். அமெரிக்காவுல யூட்டா, வீலர் ஷேல் பாறை. சந்தேகமே இல்ல.

பாலக்கோடு_பாறை
எல்ரேதியா தட்டையா இருக்குமுங்க. இது முதுகு தூக்கி நிக்குது. முதல்ல மார்புக் கண்டத்தை (தலைக்கும் வாலுக்கும் நடுவுல இருக்கற வளையங்களை) எண்ணச் சொல்லுங்க. தலையோட பின்பட்டையும் வால்ல ஒட்டிப்போன வளையங்களும் கணக்குல வராது.

மொரப்பூரான்
பர்கூர் பக்கம் குவாரிக் கல்லுல இதே மாதிரி அச்சு இருக்கு. உள்ளூரா இருக்கலாமே?

தொல்லுயிர்_ஆசான்
வருடம் நாலு முறை இதே கேள்வி. தம்பி, பர்கூர் இருக்கும் கிருஷ்ணகிரிப் பாறை சுமார் 250 கோடி வருடப் பழசு, வெந்து உருமாறியது. ட்ரைலோபைட் வாழ்ந்தது 52 கோடியிலிருந்து 25 கோடி வருடம் முன்பு வரை. நீங்கள் பார்த்தது மாங்கனீசுக் கறை, செடி போலப் படரும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மொரப்பூரான்
அரியலூர்ல கிடைக்குதே சார்?

தொல்லுயிர்_ஆசான்
அங்கே கிடைப்பது அம்மோனைட், சுருள் ஓடு கொண்ட வேறு கடல் உயிர். அரியலூரை மூடிய அந்தக் கடல் வருவதற்குள் ட்ரைலோபைட் அழிந்து பதினைந்து கோடி வருடம் ஆகிவிட்டது. இந்தியாவில் ட்ரைலோபைட் வேண்டுமானால் இமாச்சலத்தின் ஸ்பிட்டிக்குப் போங்கள்.

ஓசூர்_லென்ஸ்
வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, பொங்கினா அசல்.

பாலக்கோடு_பாறை
யாரும் விட்ராதீங்க! ஓடே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), மேல்பரப்பு அரிச்சுப்போகும். போலியிலயும் சுண்ணாம்புக் கல்தூள் கலப்பாங்க, அதுவும் பொங்கும்.

தருமபுரி_கல்
38 மி.மீ. கண்டம் 11. மொராக்கோன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க.

பாலக்கோடு_பாறை
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 11ன்னா எல்ரேதியா இல்ல, அதுக்கு 13. கலிமெனேக்கும் 13, அதுல தலை நடுமேடு முன்பக்கம் குறுகும். 11 இருக்கறது ஃபேகோபிட் வகை, அதுல நடுமேடு முன்பக்கம் அகலும், கண்ணுல லென்ஸ் மணிமணியாத் தனித்தனியாத் தெரியும். 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. உடம்புக்கும் பாறைக்கும் நடுவுல உருண்டைக் குமிழி இருந்தா ரெசின் (பிளாஸ்டிக் மாதிரிப் பசை). பஞ்சுல அசிட்டோன் தொட்டு அடி ஓரத்துல மட்டும் தேய்ங்க, கறுப்பு ஒட்டினா பெயின்ட். யூவி டார்ச்ல பசை வெளுப்பா ஒளிரும். கால்சைட்டும் சிலசமயம் ஒளிரும், அதனால கோடாத் தெரியுதான்னு பாருங்க.

தருமபுரி_கல்
கண் மணிமணியா இருக்கு. நடுமேடு முன்னால அகலம். வால்ல மட்டும் ரெண்டு குமிழி, அங்க பஞ்சும் கறுப்பாச்சு.

பாலக்கோடு_பாறை
உடம்பு அசல், வால் ஒட்டு. "ஃபேகோபிடே குடும்பம், டெவோனியன், மொராக்கோ, வால் செப்பனிடப்பட்டது"ன்னு எழுதுங்க. டெவோனியன்ங்கறது அது வாழ்ந்த காலகட்டம். ஃபேகோப்ஸ்னு பேரினம் போடாதீங்க. அந்தப் பேர்ல விக்கற மொராக்கோ வகைகள்ல பலதுக்கு இப்ப வேற பேர்.

ஓசூர்_லென்ஸ்
எனக்கு இன்னும் எல்ரேதியா மாதிரிதான் தெரியுது.

தருமபுரி_கல்
எழுதிட்டேன். நன்றிங்க.

மொரப்பூரான்
ஆசான் சார், அந்தக் கறை கல்லுக்குள்ளயும் போகுமா, மேலோட மட்டுமா?