இரண்டு பேருக்கும் பார்வையில்லை, குழந்தையை அத்தை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கரந்தைக்காரன்:
எங்கள் வீட்டு மாடியில் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். இருவருக்குமே பிறவியிலிருந்து பார்வை கிடையாது. அவர் வங்கி ஊழியர், அந்தம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டு மாதம் முன்பு பெண் குழந்தை பிறந்தது, குழந்தைக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. துணைக்கு வந்திருக்கும் பெண்ணின் அம்மா அடுத்த மாதம் ஊர் திரும்பியாக வேண்டும். இப்போது கணவரின் அக்கா, மூன்று வயது வரைக்கும் நான் வளர்த்துத் தருகிறேன், அப்புறம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நிற்கிறார். அந்தப் பெண் முடியவே முடியாது என்கிறார். வீட்டுக்காரர் என்று மரியாதை வைத்து என்னிடம் கேட்டார்கள், நானும் அக்கா சொல்வதுதான் குழந்தைக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் சொன்னது தப்பா?

நேர்ப்பேச்சு:
தப்பே இல்லை சார். பாசம் வேறு, பாதுகாப்பு வேறு. என் மகன் பத்து மாதத்தில் சட்டைப் பொத்தானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தொண்டையில் சிக்கினால் சத்தமே வராது, முகம் நீலமாக மாறுவதைக் கண்ணால் பார்த்ததால்தான் ஓடினேன், பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது. அந்த அக்கா குழந்தையைப் பறிக்கவில்லையே, வளர்த்துத் தருகிறேன் என்றுதானே சொல்கிறார். நம் ஊரில் பாட்டி வீட்டில் வளராத பிள்ளையா?

வெண்கோல்:
எனக்கும் என் கணவருக்கும் பார்வை இல்லை. இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 6, இரண்டு பேருக்கும் பார்வை உண்டு. அண்ணா, உங்கள் பையன் பிழைத்தது கடவுள் புண்ணியம். ஆனால் தொண்டையில் சிக்கினால் சத்தம் வராது என்பது எங்களுக்கும் தெரியும், அதனால்தான் எங்கள் வீட்டுத் தரையில் பொத்தானே கிடக்காது. குழந்தை தவழ ஆரம்பித்த நாளிலிருந்து காலையும் மாலையும் பெருக்கிய பிறகு மண்டி போட்டு இரண்டு கையாலும் தரை முழுக்கத் தடவிப் பார்ப்பேன். கட்டிலுக்கு அடியில், பீரோ ஓரம், எல்லாம். கண் இருப்பவர்கள் கண்ணை நம்பி விட்டுவிடும் இடத்தையும் சேர்த்து.

கொலுசு மணியை எல்லாரும் அழகுக்குப் போடுகிறார்கள், எங்களுக்கு அது உயிர். பெரியவனுக்கு மூன்று வயது வரை காலில் மணித் தண்டை இருந்தது, ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டேதான் போட்டேன். மணிச் சத்தம் நின்று விட்டால் ஏதோ விஷமம் நடக்கிறது என்று அர்த்தம், உடனே போய்விடுவேன். மருந்துக்கு, ஊசியில்லாத சிரிஞ்சின் தண்டில் 2.5 மில்லிக்கு ஒரு கீறல், 5 மில்லிக்கு இரண்டு கீறல் என்று அம்மா பிளேடால் போட்டுக் கொடுத்தார், விரல் நகம் கீறலில் தட்டினால் அளவு சரி. ஜுரத்துக்குப் பேசும் தெர்மாமீட்டர். சோறூட்டும்போது இடது கையின் சுண்டுவிரல் குழந்தையின் தாடையில் இருக்கும், வாய் திறந்தது, மென்றது, விழுங்கியது எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும்.

எல்லாமே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவனுக்குப் பிறந்த நாலாம் நாள் மஞ்சள் காமாலை. தோலின் மஞ்சளைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் முதல் வாரம் தினமும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தேன், அவர்தான் கண்டுபிடித்தார். அது மாதிரி இடத்தில் இன்னொருவர் கண்ணை வாங்கிக்கொள்கிறோம். கண்ணை வாங்கத்தான், பிள்ளையைக் கொடுக்க இல்லை.

நேர்ப்பேச்சு:
உங்கள் திறமைக்கு வணக்கம் அம்மா, மனசாரச் சொல்கிறேன். ஆனால் எல்லாரும் உங்களைப் போல இருப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது? இன்னொன்று. குழந்தை அம்மாவின் கண்ணைப் பார்த்துத்தானே சிரிக்கக் கற்றுக்கொள்கிறது? கண்ணோடு கண் பார்க்காமல் வளர்ந்தால் பேச்சு, பழக்கம் எல்லாம் பின்தங்காதா? அந்த மூன்று வருடம்தானே முக்கியம் என்கிறார்கள்.

வக்கீல்_மதுரை:
நண்பரின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் முதலில். லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் பார்வையற்ற பெற்றோரிடம் வளரும் பார்வையுள்ள கைக்குழந்தைகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்து 2013லும் 2015லும் வெளியிட்டார்கள். 2015 ஆய்வில் 14 குழந்தைகள், சின்ன எண்ணிக்கைதான், மறைக்கவில்லை. மற்றவர்களின் கண் போகும் திசையைக் கொஞ்சம் குறைவாகக் கவனித்தார்கள், அவ்வளவே. பேச்சும் பழகும் விதமும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன.

அடுத்து, பறிக்கவில்லையே என்கிறீர்கள். 2010ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பார்வையற்ற தம்பதியின் பச்சைக் குழந்தையை, பிறந்த ஓரிரு நாளில் அரசுக் குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டு போனது. பால் கொடுக்கும்போது மூக்கு அடைபட்டது, அதுதான் தொடக்கம். முதல் பிரசவத்தில் எந்தத் தாய்க்கும் நடக்கக்கூடியது. 57 நாள் கழித்துத்தான் குழந்தை திரும்பக் கிடைத்தது. அங்கே அரசு செய்ததை இங்கே சொந்தக்காரர்கள் பாசத்தோடு செய்கிறார்கள். நீதிமன்றம், நோட்டீஸ் எதுவும் கிடையாது என்பதால் அந்தப் பெண்ணுக்கு வாதாடக்கூட இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் ஷரத்து, பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது, அதை இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஊனமுள்ள குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது. பெற்றோருக்கு ஊனம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவு பேசவில்லை. 24ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குப் பிள்ளை வளர்க்க ஆதரவு தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண் என்றால் குழந்தைக்கு இரண்டு வயது வரை மாதப்படி உண்டு, 2017ல் அது 3000 ரூபாய். உங்கள் மாடி வீட்டு அம்மா மாநில அரசு ஊழியர், அந்தப் படி அவருக்குப் பொருந்தாது.

மூத்தவள்:
இவ்வளவு நேரம் எல்லாரும் கைக்குழந்தையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அப்படி வளர்ந்த பெண், இப்போது வயது 29. அம்மா அப்பா இருவருக்கும் பார்வை இல்லை. அப்பா மின்சார ரயிலில் வியாபாரம். சின்ன வயதில் எனக்கு ஒரு ஆபத்தும் வந்ததில்லை, அம்மா கை என்னை விட்டு நகராது. நடக்கப் பழகியதுமே எதையும் காட்டுவதற்கு விரல் நீட்ட மாட்டேனாம், அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன் மேல் வைப்பேனாம்.

கஷ்டம் ஏழு வயதில் தொடங்கியது. வங்கியில் சலான் நிரப்புவது நான், கரண்ட் பில் வாசிப்பது நான், அப்பாவோடு மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் பேசுவார், எட்டு வயதுப் பிள்ளையிடம், அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று. பள்ளி டைரியில் என்னைப் பற்றி டீச்சர் எழுதிய புகாரை நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டி நானே கையெழுத்து வாங்குவேன். ஒரு முறை மாற்றி வாசித்தேன். அம்மா நம்பினார். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. தெருவில் போனால், நீதானம்மா அவங்களுக்குக் கண்ணு என்று தலையைத் தடவுவார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கும். அனுப்பாதீர்கள், குழந்தை அங்கேயே வளரட்டும், ஆனால் அதைக் கண்ணாக ஆக்காதீர்கள்.

நேர்ப்பேச்சு:
பாருங்கள், இதைத்தான் நானும் சொன்னேன். பாரம் பிள்ளை தலையில்.

மூத்தவள்:
இல்லை அண்ணா, நீங்கள் சொன்னது வேறு. என்னை அத்தை வீட்டில் மூன்று வருடம் விட்டிருந்தால் ஏழு வயதில் அந்தச் சலான் தானாக நிரம்பியிருக்குமா? அம்மாவும் எனக்கு அந்நியமாகியிருப்பார், சலானும் என் கையில்தான் இருந்திருக்கும்.

வெண்கோல்:
தங்கச்சி, இதை வாசித்து அழுதுவிட்டேன். நாங்களும் அதே தப்பைக் கொஞ்ச நாள் செய்தோம். பெரியவன் வாசிக்கக் கற்றதும் கடிதம் எல்லாம் அவன் கைக்குப் போக ஆரம்பித்தது, வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. பிறகு நிறுத்தினோம். இப்போது போன் வாசிக்கிறது, வாசிக்காததற்கு 2015லிருந்து பீ மை ஐஸ் செயலி இருக்கிறது, முன்பின் தெரியாத ஒரு தன்னார்வலர் வீடியோ காலில் பார்த்துச் சொல்லிவிடுவார். மருந்துச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுப்பதில்லை. கடைக்குப் போனால் ஸ்டிக் என் கையில் இருக்கும், அவன் பக்கத்தில் சும்மா வருவான்.

பள்ளிகள் ஒன்று செய்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். போன் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் அதைப் ‘படம்’ என்று மட்டும் சொல்கிறது. அதையே டைப் செய்து போட்டால் நானே வாசித்துப் பிள்ளையை உட்கார வைத்துவிடுவேன். நாலு வரி டைப் செய்ய எத்தனை நிமிடம் ஆகும்? எத்தனை முறை கேட்டாயிற்று.

நேர்ப்பேச்சு:
சரி, மூன்று வருடம் அனுப்புவது பற்றி நான் சொன்னதை விட்டுவிடுகிறேன், மூத்தவள் சொன்னது நியாயம். ஆனால் பார்வையுள்ள ஒருவர் அந்த வீட்டில் முதல் ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அக்கா குழந்தையைக் கொண்டுபோவதற்குப் பதில் அவரே வந்து தங்கலாமே.

வெண்கோல்:
வரட்டும் அண்ணா, சந்தோஷம். ஆனால் வந்தவர் அடுப்பைப் பார்க்கட்டும், துணி துவைக்கட்டும், பிள்ளையை அம்மா குளிப்பாட்டட்டும். எனக்கு உதவ வந்தவர்கள் எல்லாரும் முதலில் பிள்ளையைத்தான் வாங்கிக்கொண்டார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் என் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரந்தைக்காரன்:
நேற்று மாடிக்குப் போய், அன்றைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றார். அக்கா விஷயம் இன்னும் முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். நான் ஏதாவது செய்யணுமா அம்மா என்று கேட்டதற்கு, பாப்பா தவழ்வதற்குள் மாடிப்படி மேலே ஒரு கேட் போட்டுத் தாருங்கள் என்றார். வியாழக்கிழமை ஆள் வருகிறான். வெண்கோல் அம்மா, எப்படிப் போடச் சொல்லட்டும்?

வெண்கோல்:
கம்பி நெருக்கமாக இருக்கட்டும், தலை நுழையக் கூடாது. குறுக்குக் கம்பி வேண்டாம், ஏறிவிடுவார்கள். கொக்கி படிப் பக்கம் இருக்கட்டும், மேலே இருந்து கை விட்டுத் திறக்கும் மாதிரி. மூடும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும், அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள் சார், சமையலறையில் இருந்தே கேட்கும்படி.